கேரவன் பயணத்தில் இணையம்: எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்கு வேண்டாம்

கேரவனில் கிளம்புகிறவர்கள் இணையத்துக்கு வழி தேடும்போது பெரும்பாலும் கருவியிலிருந்து தொடங்குகிறார்கள். எந்த ரவுட்டர் நல்லது, கூரையில் ஆன்டெனா வேண்டுமா, செயற்கைக்கோள் டிஷ் வாங்கிவிடலாமா என்று. செலவைக் குறைக்க நினைப்பவர் தொடங்க வேண்டிய இடம் வேறு. வண்டி இரவில் எங்கே நிற்கப்போகிறது, வண்டிக்குள் இருப்பவர்கள் இணையத்தை வைத்து என்ன செய்யப்போகிறார்கள் என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரிந்துவிட்டால், பாதிக் கருவிகள் பட்டியலிலிருந்து தாமாகவே விழுந்துவிடும்.

நெடுஞ்சாலையை ஒட்டியும் ஊர்களுக்குப் பக்கத்திலுள்ள முகாம்களிலும் தங்குபவருக்குச் செல்போன் டவர் எப்போதும் எட்டும் தூரத்தில்தான் இருக்கும். காட்டோரம், பாலைவனம், மலைப் பள்ளத்தாக்கு என்று தேடிப்போய் நிறுத்துபவருக்கு எவ்வளவு விலையுயர்ந்த ரவுட்டரும் சில இடங்களில் வெறும் பெட்டிதான். அதேபோல, மாலையில் செய்தி படித்து நான்கு புகைப்படம் அனுப்புபவரும், காலை ஒன்பது மணிக்கு அலுவலகக் காணொளிக் கூட்டத்தில் முகம் காட்ட வேண்டியவரும் ஒரே முடிவை எடுக்க முடியாது. இணைப்பு அறுந்தால் முதலாமவருக்கு எரிச்சலோடு போயிற்று. இரண்டாமவருக்கு வேலையே போகலாம்.

என் கட்சியை முன்னதாகவே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலானவர்களுக்குக் கையிலிருக்கும் போனும், வேறொரு நிறுவனத்தின் இரண்டாவது சிம்மும் போதும். அதற்கு மேல் செலவழிப்பதென்றால் கூரை ஆன்டெனாவோடு கூடிய ரவுட்டருக்கு அடுத்த இடம். டவரே இல்லாத இடங்களில் வழக்கமாகத் தங்குபவருக்குத்தான் செயற்கைக்கோள். சிக்னல் பூஸ்டர் என்று விற்கப்படும் பொருளைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. காரணம் பின்னால் வருகிறது.

டேட்டா எங்கே கரைகிறது

மாதத் திட்டத்தின் அளவைத் தீர்மானிப்பது ஒரே ஒரு பழக்கம்: வீடியோ. நெட்ஃபிளிக்ஸ் சொல்லும் கணக்கின்படி ஒரு மணி நேரத்துக்குச் சாதாரணத் தரத்தில் 1 ஜிபி வரையிலும், எச்டி தரத்தில் 3 ஜிபி வரையிலும், 4கே தரத்தில் 7 ஜிபி வரையிலும் செலவாகும். தினமும் இரண்டு மணி நேரம் எச்டியில் பார்க்கும் குடும்பம் மாதத்துக்கு 180 ஜிபியைத் தின்றுவிடும். சாதாரணத் தரத்துக்கு மாறினால் அது 60 ஜிபி. கேரவனுக்குள் இருக்கும் சிறிய திரையில் இந்த வேறுபாட்டைக் கண்டுபிடிக்கக் கூர்மையான கண் வேண்டும். மாதக் கட்டணத்தில் கண்டுபிடிக்க எந்தக் கண்ணும் வேண்டாம்.

மற்றவை இதன் பக்கத்தில் நிற்காது. மிக உயர்ந்த தரத்தில், அதாவது வினாடிக்கு 320 கிலோபிட் வேகத்தில் பாட்டுக் கேட்டாலும் மணிக்கு 144 எம்பிதான். காணொளிக் கூட்டம் படத்தின் தரத்தைப் பொறுத்து மணிக்கு 1 ஜிபிக்கு முன்பின் இருக்கும். வரைபடம், மின்னஞ்சல், எழுத்துச் செய்தி ஆகியவற்றைக் கணக்கில் சேர்க்கவே தேவையில்லை.

கண்ணுக்குத் தெரியாமல் தின்பவை வேறு சில. போனின் இயங்குதள மேம்படுத்தல் ஒரே மூச்சில் சில ஜிபிக்களை எடுத்துக்கொள்ளும். எடுத்த புகைப்படங்களும் வீடியோக்களும் தாமாகவே மேகச் சேமிப்புக்கு ஏறிக்கொண்டிருக்கும். மடிக்கணினிக்கு நம் ஹாட்ஸ்பாட்டும் வீட்டு வைஃபையும் ஒன்றுதான். அது எல்லா மேம்படுத்தல்களையும் தயங்காமல் இறக்கிக்கொள்ளும். விண்டோஸ், ஆண்ட்ராய்டு, ஐபோன் மூன்றிலுமே ஒரு குறிப்பிட்ட இணைப்பை ‘சிக்கனமாகப் பயன்படுத்து’ என்று குறித்துவைக்கும் வசதி இருக்கிறது. காசில்லாத வேலை, ஐந்து நிமிடம் ஆகும். பெரிய திட்டத்துக்கு மாறுமுன் இதைச் செய்துவிட்டு ஒரு மாதம் பார்ப்பது நல்லது. படங்களையும் தொடர்களையும் ஊரிலிருக்கும் நூலக வைஃபையிலோ, புறப்படும் முன் வீட்டிலோ இறக்கி வைத்துக்கொண்டால் மாலை நேரச் செலவு ஏறக்குறைய இல்லாமலே போய்விடும்.

கையிலிருக்கும் போன்

போனின் ஹாட்ஸ்பாட்டைப் போல மலிவான வழி வேறில்லை. புதிதாக எதையும் வாங்க வேண்டாம், தனிக் கட்டணம் இல்லை, மின்சாரம் பெயருக்குத்தான் செலவாகும். நல்ல போனுக்குள் இருக்கும் மோடம், அதாவது டவரோடு பேசும் பகுதி, மலிவான தனி ஹாட்ஸ்பாட் கருவியில் இருப்பதைவிடப் புதிதாகவும் திறமையாகவும் இருப்பதுண்டு. இதைக் கடைக்காரர் சொல்ல மாட்டார்.

சிக்கல் திட்டத்தில் இருக்கிறது. ‘வரம்பில்லா டேட்டா’ என்று விற்கப்படும் பல திட்டங்களில் அந்த வரம்பின்மை போனின் திரைக்கு மட்டும்தான். ஹாட்ஸ்பாட்டுக்குத் தனி அளவு உண்டு, அது தீர்ந்ததும் வேகம் பாதாளத்துக்குப் போய்விடும். அப்படி வினாடிக்கு 128 கிலோபிட்டாகக் குறைக்கப்பட்ட இணைப்பில் 2.5 எம்பி அளவுள்ள ஒரு வலைப்பக்கம் திறக்க இரண்டரை நிமிடத்துக்கு மேல் ஆகும். போனில் பார்க்கிறோமா, மடிக்கணினியில் பார்க்கிறோமா என்பது நிறுவனத்துக்கு எப்படித் தெரியும் என்று சிலர் கேட்பார்கள். இணையத்தில் போகும் ஒவ்வொரு டேட்டாத் துணுக்கிலும் ஓர் எண் இருக்கும். வழியிலுள்ள கருவி ஒவ்வொன்றும் அதில் ஒன்றைக் கழிக்கும். போனிலிருந்தே புறப்பட்டது 64 என்று டவரை அடைந்தால், மடிக்கணினியிலிருந்து போன் வழியாக வந்தது 63 அல்லது 127 என்று வந்து சேரும். கண்டுபிடிக்க இருக்கும் வழிகளில் இது ஒன்று. ஆகவே திட்டத்தின் விவரத்தில் படிக்க வேண்டிய வரி ‘எத்தனை ஜிபி’ என்பது அல்ல. ‘ஹாட்ஸ்பாட்டுக்கு எத்தனை ஜிபி, அதன்பின் என்ன வேகம்’ என்பதுதான்.

நடைமுறையில் வேறொரு தொல்லையும் இருக்கிறது. போனை வைத்திருப்பவர் நடைப்பயிற்சிக்குப் போனால் இணையமும் கூடவே போய்விடும். வீட்டில் சும்மா கிடக்கும் பழைய 4ஜி போனில் இரண்டாவது சிம்மைப் போட்டு, வண்டியின் ஜன்னலோரம் வைத்து அதையே நிரந்தர ஹாட்ஸ்பாட்டாக்கிவிடலாம். வெயில் நேரடியாகப் படாத ஜன்னலாக இருக்கட்டும். சூடேறினால் போன் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், பேட்டரியும் உப்பும். ஒரே ஒரு மடிக்கணினிக்கு மட்டும் இணையம் வேண்டுமென்றால் வைஃபையை விட்டுவிட்டு யுஎஸ்பி கேபிளில் இணைப்பது நிலையாக இருக்கும்.

வார இறுதிகளிலும் ஆண்டு விடுமுறையிலும் மட்டும் கேரவன் எடுப்பவர் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். கீழே வருவது அவருக்கு வேடிக்கை பார்க்க மட்டும்.

இரண்டாவது சிம்: பெயரைப் பார்க்காதீர்கள், டவரைப் பாருங்கள்

ஒரே நிறுவனத்தின் பெரிய திட்டத்துக்குக் கொடுக்கும் பணத்தை இரண்டு நிறுவனங்களின் நடுத்தரத் திட்டங்களுக்குப் பிரித்துக் கொடுப்பது, பயணம் செய்பவருக்கு எப்போதும் லாபம். ஒரு நிறுவனத்தின் டவர் இல்லாத மேட்டில் இன்னொன்றின் டவர் இருக்கும். கருவிகளில் ஆயிரம் மேம்பாடு செய்தாலும் இந்த ஒன்றுக்கு ஈடாகாது.

ஆனால் சந்தையிலுள்ள பல மலிவு சிம்களுக்குச் சொந்த டவர் கிடையாது. பெரிய நிறுவனம் ஒன்றின் டவரை வாடகைக்கு எடுத்துத் தங்கள் பெயரில் விற்கிறார்கள். முதல் சிம்மும் இரண்டாவது சிம்மும் ஒரே டவரில் போய் முடிந்தால், பாதுகாப்புக்கு என்று கொடுத்த காசு வீண். எந்த வலையமைப்பில் ஓடுகிறது என்று வாங்கும் முன் கேட்டுவிட வேண்டும்.

இத்தகைய மலிவு சிம்களில் வேறொரு நுணுக்கமும் உண்டு. டவரில் நெரிசல் ஏற்படும்போது தன் சொந்த வாடிக்கையாளர்களை முதலில் கவனித்துவிட்டு, வாடகை சிம்காரர்களைப் பிறகு கவனிப்பது பெரிய நிறுவனங்களின் வழக்கம். திரையில் சிக்னல் கோடுகள் முழுதாக நிற்கும், பக்கம் மட்டும் திறக்காது. திருவிழாக் காலத்து முகாமிலும், விடுமுறை நாள் கடற்கரையிலும் இது நடக்கும். எந்த ஆன்டெனாவும் இதைச் சரிசெய்யாது. காலை ஆறு மணிக்கு அதே இடத்தில் வேகம் பறந்தால், குறை நெரிசலில்தான் என்று உறுதியாகச் சொல்லலாம்.

நிறுவனங்கள் தரும் சிக்னல் வரைபடம் கணினி போட்ட கணிப்பு; திறந்த வெளியில் நிற்பவருக்கான கணிப்பு. உண்மையான பயனாளர்களின் போன்கள் அளந்ததை வைத்து வரையப்படும் ஓப்பன்சிக்னல், என்பெர்ஃப், செல்மேப்பர் போன்றவை பயணிக்கு அதிகம் உதவும். போகப்போகும் பாதையை இரண்டு நிறுவனங்களின் வரைபடத்திலும் வைத்துப் பார்த்தால், எந்த ஜோடி ஒன்றின் ஓட்டையை மற்றொன்று அடைக்கிறது என்பது தெரிந்துவிடும். தனித்தனியாக எது சிறந்தது என்பதைவிட இந்த ஜோடிப் பொருத்தமே முக்கியம்.

இ-சிம், அதாவது அட்டையில்லாமல் போனுக்குள்ளேயே பதியும் சிம், உள்ள போனில் இரண்டாவது இணைப்பைக் கடைக்குப் போகாமலேயே சேர்த்துக்கொள்ளலாம், மாதக் கணக்கில் வாங்கி வேண்டாதபோது விட்டுவிடலாம். எல்லை தாண்டுபவருக்கு இது பெரிய வசதி. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் ஓடும் கேரவனுக்கு அந்த அக்கறையும் குறைவு. 2017 ஜூன் 15 முதல் அங்கே ஒரு நாட்டு சிம்மை மற்ற உறுப்பு நாடுகளில் கூடுதல் ரோமிங் கட்டணமின்றி, நியாயமான பயன்பாட்டு வரம்புக்குள், பயன்படுத்தலாம். சுவிட்சர்லாந்து அந்த விதிக்குள் வராது. திட்டத்தில் அது தனியாகச் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்காமல் அந்நாட்டு எல்லையோர ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தினால், சுவிஸ் டவரைப் போன் தானாகப் பிடித்துக்கொண்டு பில்லை ஏற்றிவிடலாம்.

தனிக் கருவியா, ரவுட்டரா

பையில் வைக்கும் அளவுள்ள ஹாட்ஸ்பாட் கருவி போனுக்கும் ரவுட்டருக்கும் நடுவில் நிற்கிறது. எனக்கு அது இரண்டுங்கெட்டான். பழைய போன் செய்யும் வேலையைத்தான் அதுவும் செய்கிறது. பேட்டரி உள்ளே இருப்பதால், மாதக் கணக்கில் சார்ஜரிலேயே வைத்து வெயிலில் நின்ற வண்டிக்குள் விட்டால் அது உப்பிப்போகும். பேட்டரியைக் கழற்றிவிட்டும் இயங்கும் மாதிரி என்றால் யோசிக்கலாம்.

பழைய கருவியை மலிவாக வாங்கும்போது இரண்டைப் பார்க்க வேண்டும். ஒன்று, அது எந்தத் தலைமுறையைச் சேர்ந்தது என்பது. அமெரிக்காவின் பெரிய நிறுவனங்கள் 2022-இல் 3ஜி சேவையை மூடிவிட்டன. 3ஜியை மட்டும் நம்பிய கருவிகள் அங்கே ஒரே ஆண்டில் குப்பையாயின. வேறு பல நாடுகளும் அதே வழியில் போய்க்கொண்டிருக்கின்றன. இரண்டாவது, அது பிடிக்கும் அலைவரிசைகள். 600 முதல் 900 மெகாஹெர்ட்ஸ் வரையிலான தாழ்ந்த அலைவரிசைகள் தொலைதூரம் போகும், மரங்களையும் சுவர்களையும் ஓரளவு ஊடுருவும். ஆளரவமற்ற இடங்களில் கைகொடுப்பவை பெரும்பாலும் இவைதான். உங்கள் நிறுவனம் கிராமப்புறத்தில் பயன்படுத்தும் தாழ்ந்த அலைவரிசை கருவியில் இல்லையென்றால், அதன் மற்ற பெருமைகளுக்கு அர்த்தமில்லை.

வண்டியிலேயே வாழ்பவருக்கும், வண்டியிலிருந்து வேலை செய்பவருக்கும் ரவுட்டர் நியாயமான செலவு. 12 வோல்ட்டில் நேரடியாக ஓடும், பேட்டரி கிடையாது, இரண்டு சிம் ஏற்கும், ஒன்று போனால் மற்றொன்றுக்கு மாறும், முகாமின் வைஃபையை வாங்கி வண்டிக்குள் பரப்பும், வெளி ஆன்டெனா பொருத்த இடமிருக்கும். விலையைத் தீர்மானிப்பது உள்ளே இருக்கும் மோடத்தின் வகை. எல்டிஇ, அதாவது 4ஜி, ‘கேட் 4’ மோடம் கோட்பாட்டளவில் வினாடிக்கு 150 மெகாபிட் தரும். ஒரே நேரத்தில் ஒரே அலைவரிசையைத்தான் பிடிக்கும். ‘கேட் 6’ இரண்டைச் சேர்த்துப் பிடிக்கும், 300 மெகாபிட் வரை. நெரிசலான டவரில் இந்த இரண்டாவது அலைவரிசைதான் வேலையைக் காப்பாற்றும். மிக மலிவான ரவுட்டர்களில் கேட் 4 இருப்பதால்தான் அவை மலிவு. அதைவிட நல்ல மோடமுள்ள போன் கையில் இருக்கும்போது அந்த ரவுட்டரை வாங்குவது, காசு கொடுத்துப் பின்னோக்கி நடப்பதாகும்.

இரண்டு சிம்மையும் ஒரே நேரத்தில் ஒரே குழாயாகச் சேர்க்கும் ‘பாண்டிங்’ வசதிக்குத் தனிச் சந்தா கேட்பார்கள். நேரலை ஒளிபரப்புச் செய்பவர்களைத் தவிர மற்றவர்களுக்கு, ஒன்று அறுந்தால் மற்றொன்றுக்கு மாறும் சாதாரண வசதியே போதும்.

ஆன்டெனாவும் பூஸ்டரும்

பலர் பணத்தை வீணடிப்பது இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் நின்று பேச வேண்டியிருக்கிறது.

பல கேரவன்களின் உடல் அலுமினியத் தகடு. சுவருக்குள் வெப்பத்தைத் தடுக்கப் பளபளப்பான உலோகத் தாள். ரேடியோ அலைக்கு இவை சுவருக்கு மேல் சுவர். வெளியே நின்றால் வரும் சிக்னல் படுக்கைக்குப் போனால் மறைவதற்குக் காரணம் இதுதான். கூரையில் ஓர் ஆன்டெனா வைத்து அதன் கேபிளை நேராக ரவுட்டருக்குள் கொண்டுவந்தால் இந்தத் தடை முழுதாக நீங்குகிறது. ஆன்டெனா சிக்னலை உண்டாக்குவதில்லை; வெளியே இருப்பதை உள்ளே கொண்டுவருகிறது. அதுவே பெரிய காரியம்.

கேபிளின் நீளத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டும். டெசிபெல் கணக்கில் 3 குறைந்தால் சிக்னல் பாதியாகிவிட்டது என்று பொருள். மெல்லிய கேபிள் ஐந்தாறு மீட்டர் ஓடினாலே 2000 மெகாஹெர்ட்ஸ் அளவில் அந்தப் பாதி போய்விடும். எனவே ரவுட்டரை ஆன்டெனாவுக்கு நேர் கீழே, அலமாரிக்குள் வைப்பதே சரி. அழகுக்காக வண்டியின் மறுமுனையில் வைத்துவிட்டுக் கேபிளைச் சுற்றிச் சுற்றிக் கொண்டுபோனால், ஆன்டெனா சம்பாதித்ததைக் கேபிள் செலவழித்துவிடும்.

எத்தனை கேபிள் என்பதும் முக்கியம். 4ஜி, 5ஜி டவர்கள் ஒரே நேரத்தில் இரண்டோ நான்கோ தனித்தனி ஓட்டங்களாக டேட்டாவை அனுப்புகின்றன. மைமோ என்று இதற்குப் பெயர். அந்த ஓட்டங்களைப் பிரித்தறியக் கருவிக்கு அத்தனை ஆன்டெனா வேண்டும். ஆகவே கூரை ஆன்டெனா வாங்கினால் குறைந்தது இரண்டு கேபிள் உள்ளதாக வாங்க வேண்டும்.

பூஸ்டர் சறுக்குவதும் இதே காரணத்தால்தான். அது வெளியே ஓர் ஆன்டெனாவால் வாங்கி, பெருக்கி, உள்ளே ஓர் ஆன்டெனாவால் பரப்புகிறது. இரண்டு ஓட்டமாக வந்தது ஒரே பாதையில் அடைபட்டுவிடுகிறது. போனில் கோடுகள் ஏறும், மனம் மகிழும், வேகத்தை அளந்தால் சில நேரம் முன்பைவிடக் குறைந்திருக்கும். மேலும், அது சிக்னலோடு இரைச்சலையும் சேர்த்தே பெருக்குகிறது. டவரே எட்டாத பள்ளத்தாக்கில் பூஸ்டருக்கு வேலையே இல்லை. சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும்.

முழுக்கப் பயனற்றது என்று சொல்லமாட்டேன். போனின் ஒலிபரப்பு வலிமை அதிகபட்சம் ஏறக்குறைய 200 மில்லிவாட்தான். டவர் சொல்வது நமக்குக் கேட்கிறது, நாம் சொல்வது டவருக்குக் கேட்கவில்லை என்ற எல்லைக்கோட்டு இடங்களில் பூஸ்டர் அழைப்பையும் செய்தியையும் காப்பாற்றும். அந்த ஒரு தேவைக்குக் கொடுக்கும் விலை அதிகம். சட்டமும் பார்க்க வேண்டும். அமெரிக்கா 2013-இல் இதற்கு விதிகள் வகுத்தது, கருவியைத் தன் செல்போன் நிறுவனத்திடம் பதிவு செய்ய வேண்டும். இந்தியா உட்படச் சில நாடுகளில் அனுமதியின்றி அதை வைத்திருப்பதே சட்ட விரோதம்.

ஆன்டெனாவோ வேறெதுவோ வாங்கும் முன் கோடுகளை எண்ணுவதை விட்டுவிட்டு அளவைப் பாருங்கள். போனின் அமைப்புகளிலோ இலவசச் செயலியிலோ ஆர்எஸ்ஆர்பி என்ற எண் கிடைக்கும்; சிக்னலின் வலிமை அது. மைனஸ் 80-க்கு அருகில் இருந்தால் அருமை, மைனஸ் 100 சமாளிக்கலாம், மைனஸ் 115-ஐத் தாண்டினால் இணைப்பு தள்ளாடும். எஸ்ஐஎன்ஆர் என்ற இன்னொன்று, இரைச்சலுக்கு மேலே சிக்னல் எவ்வளவு எழும்பி நிற்கிறது என்பதைச் சொல்லும். 20-க்கு மேல் நல்லது, பூஜ்யத்துக்குக் கீழே போனால் வலிமை இருந்தும் பயனில்லை. வண்டியை ஐம்பது மீட்டர் நகர்த்தி, ஒரு பாறையின் மறுபக்கம் நிறுத்தினாலே இந்த எண்கள் மாறுவதைப் பார்க்கலாம். அந்த ஐம்பது மீட்டருக்கு எவரும் பில் போடுவதில்லை.

முகாமின் வைஃபை

இதற்கு அதிக இடம் தேவையில்லை. இலவசமாக இருந்தால் பயன்படுத்துங்கள், நம்பாதீர்கள். ஒரு வீட்டுக்கு வாங்கிய இணைப்பை நூறு வண்டிகள் பங்கு போடும் நிலைதான் பல இடங்களில். மாலை ஏழு மணிக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் வீடியோ போடுவார்கள். விடியற்காலையில் அதே வைஃபை பறக்கும். மேம்படுத்தல்களையும் படங்களையும் அப்போது இறக்கிக்கொள்ளலாம். வங்கி வேலைகளை உங்கள் சிம்மில் வைத்துக்கொள்வது நல்லது. வைஃபைக்குத் தனிக்கட்டணம் கேட்கும் முகாமில் அதற்குக் கொடுப்பதைவிட, அதே தொகைக்கு சிம்மில் கூடுதல் டேட்டா போட்டுக்கொள்வேன்.

செயற்கைக்கோள்

முன்பு கேரவன்களில் இருந்த செயற்கைக்கோள் இணையம், பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோள்களை நம்பியது. ஒரு கேள்வி மேலே போய்க் கீழே வந்து, பதில் அதே வழியில் திரும்ப, ஒளியின் வேகத்திலேயே ஏறக்குறைய அரை வினாடி. காணொளிக் கூட்டத்தில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசிவிட்டு ஒரே நேரத்தில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனம் 2019 மே மாதத்திலிருந்து கூட்டம் கூட்டமாக ஏவிவரும் ஸ்டார்லிங்க் கோள்கள் சுமார் 550 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. தாமதம் பொதுவாக வினாடியின் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. 2022 மே மாதத்தில் கேரவன்களுக்கென்றே திட்டம் வந்தது. டவர் இல்லாத இடத்தில் அலுவலக வேலை பார்ப்பது அதன்பின்தான் நடைமுறைக்கு வந்தது.

அப்படியானால் எல்லோரும் அதையே வாங்கிவிடலாமே என்றால், அதற்குக் கருவி விலையையும் மாதக் கட்டணத்தையும் தாண்டி வேறு செலவு இருக்கிறது. வழக்கமான டிஷ் 75 முதல் 100 வாட் வரை எடுக்கும். 100 ஆம்பியர்-மணி கொண்ட 12 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரியில் 1,200 வாட்-மணி இருந்தாலும், அதன் ஆயுளைக் காக்கப் பாதியைத்தான் எடுக்க வேண்டும்: 600. எட்டு மணி நேரம் 75 வாட் எடுத்தால் அந்த 600 அப்படியே தீர்ந்தது. விளக்கு, மின்விசிறி, தண்ணீர் பம்ப் எல்லாவற்றுக்கும் மிச்சம் எதுவும் இல்லை. இன்வெர்ட்டர் வழியாக ஓட்டினால் அதிலும் கொஞ்சம் வெப்பமாகப் போகும். லித்தியம் பேட்டரியும் கூடுதல் சோலார் பலகையும் வாங்க வேண்டிவரும். டிஷ்ஷின் உண்மையான விலை அவற்றையும் சேர்த்ததுதான். 2024-இல் வந்த ‘மினி’ டிஷ் 25 முதல் 40 வாட்டில் முடித்துக்கொள்கிறது, 12 வோல்ட்டில் நேரடியாகவே ஓடும், ஒரு கிலோவுக்குச் சற்று மேல்தான் எடை. மின்இணைப்பு இல்லாத இடங்களில் நிறுத்துபவர் இரண்டில் ஒன்றைத் தேர்வதென்றால் நான் மினியின் பக்கம். பெரிய டிஷ் தரும் கூடுதல் வேகம், அதற்காகக் கூரையில் ஏற்றும் சோலார் பலகைக்கு ஈடாகாது.

மரம் இன்னொரு பகை. ஆன்டெனாவுக்கு மரக்கிளை சின்ன இடையூறு. டிஷ்ஷுக்கு அது சுவர். கோள்கள் நகர்ந்துகொண்டே இருப்பதால், ஒரு கிளை குறுக்கே வந்தாலும் சில நிமிடங்களுக்கு ஒருமுறை இணைப்பு சில வினாடிகள் விழும். படம் பார்ப்பவருக்குத் தெரியாது, கூட்டத்தில் இருப்பவருக்குத் தெரியும். நமக்கு நிழல் வேண்டும், சோலார் பலகைக்கு வெயில் வேண்டும், டிஷ்ஷுக்கு வானம் வேண்டும். மூன்றும் ஒரே இடத்தில் அமைவது அபூர்வம். டிஷ்ஷைக் கூரையில் நிரந்தரமாகப் பொருத்தாமல் நீண்ட கேபிளில் வெட்டவெளிக்குக் கொண்டுபோகும்படி வைத்துக்கொள்வது இதனால்தான் நல்லது. ராத்திரி மறக்காமல் உள்ளே எடுத்துவைக்க வேண்டும் என்பது அதன் விலை.

எல்லை தாண்டுபவர் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். உரிமம் பெறாத நாட்டில் இது ஓடாது. ஒரே வெளிநாட்டில் மாதக் கணக்கில் தங்கினால் கணக்கின் முகவரியை மாற்றச் சொல்வதும் உண்டு. பயணம் செய்யாத மாதங்களில் சேவையை நிறுத்திவைக்க முடியுமா, அதற்கு என்ன கட்டணம் என்பதும் நாட்டுக்கு நாடு, ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது. ஆண்டில் மூன்று மாதம் மட்டும் சுற்றுபவருக்கு வேகத்தைவிட இந்த விதிதான் மொத்தச் செலவைத் தீர்மானிக்கும்.

போனே நேரடியாகச் செயற்கைக்கோளோடு பேசும் வசதியும் வந்துவிட்டது. ஐபோன் 14-இல் 2022 நவம்பரில் அவசர உதவிச் செய்தியாக அது தொடங்கியது. ஆபத்தில் உயிர் காக்கும். மடிக்கணினியை இணைக்கும் இணையமாக அதை நினைத்துத் திட்டம் போட வேண்டாம்.

யாருக்கு எது

விடுமுறைக்கு மட்டும் போகிறவருக்கான பதிலை ஏற்கெனவே சொல்லிவிட்டேன்: போன், தேவைப்பட்டால் ஒரு மாத இ-சிம். ஓய்வுபெற்று மாதக் கணக்கில் சுற்றும் தம்பதிக்கு இரண்டு போன், இரண்டு வெவ்வேறு வலையமைப்பு என்று பிரித்துக்கொள்வதே போதும். ஒருவரின் ஹாட்ஸ்பாட் ஓய்ந்தால் மற்றவருடையது. இவர்களிடம் ரவுட்டரையும் ஆன்டெனாவையும் விற்கப் பார்ப்பவர்கள் நிறைய. வாங்கியதைப் பாதிப்பேர் பரணில் போட்டிருப்பார்கள்.

வண்டியிலிருந்து வேலை செய்பவருக்கு நான் சிக்கனத்தைப் போதிக்க மாட்டேன். இரண்டு சிம் ரவுட்டர், குறைந்தது கேட் 6 மோடம், இரண்டு கேபிள் கூரை ஆன்டெனா. ஆளில்லா இடங்களில் தங்கும் ஆசையும் இருந்தால் மினி டிஷ்ஷும். அப்போதும் டிஷ்ஷை ஒரே வழியாக வைக்கக் கூடாது. அடர்ந்த மரங்களுக்குக் கீழே டிஷ் தோற்கும் இடத்தில் தாழ்ந்த அலைவரிசை சிம் வெல்லும். டவர் இல்லாத வெட்டவெளியில் டிஷ் வெல்லும். இரண்டின் பலவீனமும் ஒரே இடத்தில் சேர்வது குறைவு என்பதுதான் இந்த ஜோடியின் பலம்.

குழந்தைகளோடு போகும் குடும்பத்துக்குத்தான் முடிவு கடினம், ஏனென்றால் அவர்களின் செலவு முழுக்க வீடியோ. டேட்டா குறைவான சிம் திட்டம் நாலாம் நாள் தீரும், டிஷ் விலை கையைக் கடிக்கும். சாதாரணத் தரத்தைக் கட்டாயமாக்கி, ஊர் வைஃபையில் முன்கூட்டியே இறக்கிவைத்து, அதன்பின்னும் மாதம் 150 ஜிபிக்கு மேல் போனால் மட்டும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்: அந்த அளவுள்ள சிம் திட்டம் ஒரு பக்கம், வரம்பில்லாச் செயற்கைக்கோள் திட்டம் மறுபக்கம். சில நாடுகளில் இரண்டாவது உண்மையிலேயே மலிவாக வந்துவிடுகிறது.

எதை வாங்குவதானாலும் முதல் மாதம் போனோடு மட்டும் ஓட்டிப் பார்த்து, ஒவ்வொரு இரவும் நிறுத்திய இடத்தையும் ஆர்எஸ்ஆர்பி எண்ணையும் ஒரு தாளில் குறித்து வாருங்கள். மைனஸ் 100-க்கும் 115-க்கும் நடுவில் நின்ற இரவுகள் அதிகமென்றால் கூரை ஆன்டெனா பலன் தரும். எண் நன்றாக இருந்தும் மெதுவாக ஓடிய இரவுகள் அதிகமென்றால் கருவியைத் தொடாதீர்கள், நிறுவனத்தை மாற்றுங்கள். ‘சேவை இல்லை’ என்று எழுதிய வரிகள் பாதியைத் தாண்டினால்தான் டிஷ். அதையும் திருப்பிக் கொடுக்க அவகாசம் தரும் இடத்தில் வாங்கி, அந்த அவகாசம் முடியும் முன் அதே இடங்களில் ஒன்றில் கொண்டுபோய் ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.